நல்ல இதழ்களை நாடுவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நூலகக் குழுவின் அறிக்கை உங்கள் முன் வைக்கப்படுவதற்கு முன்னர், இதழ் வாசிப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நிர்வாகம் எங்களைப் பணித்துள்ளது. அதற்குக் காரணம் உண்டு. நம் வாசகசாலைக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் இதழ்ச் சந்தாத் தொகையை இனியும் தொடரத்தான் வேண்டுமா என்னும் வினா இவ்வாண்டு எழுந்துள்ளது. "ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. செய்திகள் அதிலேயே வந்துவிடுகின்றன. பிறகு காகிதத்திற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை. ஜமாஅத்தின் பணத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நாம். ஆகவே, நாளிதழ்களும் பருவ இதழ்களும் நமக்கு எதைத் தருகின்றன, அவற்றுள் எவற்றை நாம் வாசித்தல் வேண்டும், எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பனவற்றை முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பிறகு முடிவு செய்வோம்.

முன்னோர் நடந்த வழி

இதழ் நடத்துவதும் இதழ் வாசிப்பதும் நம் சமுதாயத்திற்குப் புதியன அல்ல. ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் 'சுதேசமித்திர'னைத் தொடங்கிய அதே 1882 ஆம் ஆண்டில், இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். வழக்கறிஞராக விளங்கிய அவர், தம் இதழைச் சமயச் செய்திகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த உராபி பாஷாவைப் பற்றியும், முஸ்லிம் பிள்ளைகள் புதிய கல்வியைக் கற்க வேண்டியதன் தேவை பற்றியும் இடைவிடாது எழுதினார். அவரும் அவரையொத்த பெரியோர்களும் மேற்கொண்ட முயற்சியின் பயனாகவே 1892 இல் கொழும்பில் ஒரு கல்விக்கூடம் எழுந்தது. அதுவே பின்னாளில் சாஹிரா கல்லூரியாக வளர்ந்தது. அச்சுத்தாளில் தொடங்கிய பேச்சு பள்ளிக்கூடக் கட்டடமாக நிமிர்ந்ததற்கு இது ஒரு சான்று.

1887 இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை நடத்தினார். கடல் கடந்து வணிகத்திற்குச் சென்ற நம்மவர்க்கு ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும் தமிழில் தேவைப்பட்டன. அந்தத் தேவையை அவ்விதழ் நிறைவு செய்தது. தமிழகத்தில் பா. தாவூத்ஷா அவர்கள் அரசுப் பணியைத் துறந்து, 'தாருல் இஸ்லாம்' இதழை நல்ல தமிழில் நெடுங்காலம் நடத்தினார்.

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆயினும் அவர் எழுதிய 'காதலா? கடமையா?' என்னும் புதினம் 1938 இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் ஆவார். பள்ளி கைவிட்ட ஒரு பெண்ணை வாசிப்பு கைவிடவில்லை. திரைக்கு அப்பால் அமர்ந்து இவ்வுரையைச் செவிமடுக்கும் தாய்மார்கள் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

நம் காலத்திற்கு இன்னும் அண்மையில் வருவோம். சாகித்திய அகாதெமி விருதினை 1997 இல் பெற்ற தோப்பில் முகமது மீரான் அவர்களின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வருவதற்கு முன், 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. ஒரு சமுதாய மாத இதழுக்குச் சிலர் கட்டிய சந்தா, தமிழுக்கு ஒரு சிறந்த நாவலைத் தந்தது என்றால் அது மிகையன்று.

வாசிக்காமையால் வரும் இழப்பு

வாசிப்பதன் பயனைப் பேசுவோர் பலர் உளர். வாசிக்காமையால் நேரும் இழப்பைக் கணக்கிடுவோர் குறைவு. நம் இல்லங்களுக்கு நெருக்கமான இரண்டு செய்திகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகைத் திட்டத்தை மைய அரசு 2008 இல் தொடங்கியது. முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் அதனால் பயன்பெற்றனர். 2022 நவம்பரில் அத்திட்டம் 9, 10 ஆம் வகுப்பு மாணவர்க்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியைக் கல்வி உரிமைச் சட்டமே கட்டணமின்றி வழங்குகிறது என்பது அதற்கு அரசு கூறிய காரணம். அடுத்த மாதமே, ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இவை நாளிதழ்களில் வெளிவந்த செய்திகள். அன்றே வாசித்த பெற்றோர் வேறு உதவிகளைத் தேடத் தொடங்கினர். வாசிக்காதவர்கள், வராத தொகைக்காகப் பள்ளிக்கும் வங்கிக்கும் அலைந்துகொண்டிருந்தனர். ஒரு பத்தி அளவிலான செய்தியை வாசித்தவர்க்கும் வாசிக்காதவர்க்கும் இடையே அவ்வளவு தொலைவு.

இரண்டாவது, வக்ஃப் சட்டத் திருத்தம். 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வக்ஃப் சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்ற விதியுடன் 'உம்மீத்' இணையவாயில் ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அன்றைய செய்தித் தலைப்புகளை நினைவுகூருங்கள். "முக்கியப் பிரிவுகளுக்குத் தடை" என்ற பொருளில் சில தலைப்புகள் அமைந்தன. "முழுச் சட்டத்திற்கும் தடை விதிக்க மறுப்பு" என்ற பொருளில் வேறு சில அமைந்தன. இரண்டும் உண்மையே. ஐந்தாண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியவரே வக்ஃபு செய்யலாம் என்ற பிரிவு உள்ளிட்ட சிலவற்றை நிறுத்திவைத்த நீதிமன்றம், சட்டம் முழுவதையும் நிறுத்திவைக்கவில்லை. தலைப்பை மட்டும் கண்டவர்களுள் ஒரு சாரார் எல்லாம் முடிந்தது என மகிழ்ந்தனர். மற்றொரு சாரார் எல்லாம் போயிற்று என வருந்தினர். உள்ளே இருந்த பத்திகளையும் வாசித்தவர்களே, பதிவேற்றும் கடமை அப்படியே நிற்கிறது என்பதை உணர்ந்தனர். நம்முடையதைப் போன்ற ஒரு ஜமாஅத்திற்கு அந்த உணர்வின் மதிப்பு என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

எத்துறைக்கு எவ்விதழ்

ஒரே வகை உணவை நாள்தோறும் உண்டால் உடல் வாடும். ஒரே வகை எழுத்தை நாள்தோறும் வாசித்தாலும் அவ்வாறே அறிவு குறுகும். நம் வாசகசாலை மேசையில் பல துறை இதழ்கள் இருக்க வேண்டும் என நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

முதலாவதாக நாளிதழ்கள். தினமணி 1934 இல் தொடங்கியது. தினத்தந்தி 1942 இல் மதுரையில் பிறந்தது. இந்து ஆங்கில நாளிதழ் 1878 இல் வார இதழாகத் தோன்றி 1889 இல் நாளிதழானது. அதே குழுமத்தின் தமிழ் நாளிதழ் 2013 இல் வந்தது. இவற்றுள் எது உயர்ந்தது எனத் தீர்ப்பளிப்பது எங்கள் நோக்கமன்று. மாவட்டச் செய்திகளை விரிவாகத் தரும் ஒரு தமிழ் நாளிதழ், கட்டுரைகளுக்கு மிகுந்த இடமளிக்கும் மற்றொரு தமிழ் நாளிதழ், கல்லூரி மாணவர்களுக்காக ஓர் ஆங்கில நாளிதழ் என மூன்று இருத்தல் நலம். ஒன்றுக்கொன்று நோக்கில் வேறுபட்டனவாக இருப்பின் இன்னும் நலம்.

இரண்டாவதாக, அரசுத் திட்டங்களையும் வேலைவாய்ப்பையும் பற்றியவை. 1957 இல் தொடங்கிய 'யோஜனா'வின் தமிழ்ப் பதிப்பு 'திட்டம்' என்னும் பெயரில் வருகிறது. ஒவ்வோர் இதழிலும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வல்லுநர்கள் எழுதுவர். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் அதனைத் தேடிப் படிக்கின்றனர். மைய அரசு 1976 இல் தொடங்கிய 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வார இதழ் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மூன்று மொழிகளில் வருவது. அரசுப் பணி அறிவிப்புகளை ஒருசேரத் தருவது அதன் சிறப்பு. அரசு வேலைகளில் நம்மவர் பங்கு குறைவாக இருப்பதை 2006 இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியதை மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அறிவிப்பு வெளியாகும் தாள் நம் மேசையில் இல்லையென்றால், அந்தப் பேச்சினால் விளையும் பயன் யாது?

மூன்றாவதாக, உழவும் பொருளும். நிலம் வைத்திருப்போர்க்கு 2007 இல் தொடங்கிய 'பசுமை விகடன்' போன்றவை விதை, மண், நீர், சந்தை ஆகியவற்றைப் பற்றிப் பிற உழவர்களின் பட்டறிவைக் கொண்டுவந்து சேர்த்தன. சிறுவணிகர்க்கு, 2005 இல் வந்த 'நாணயம் விகடன்' போன்றவை வரி, காப்பீடு, சேமிப்பு ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கின. இவற்றுள் வட்டி சார்ந்த பகுதிகளும் இருக்கும். நமக்கு ஆகாதவற்றை விலக்கி, வேண்டுவனவற்றைக் கொள்ளும் பக்குவம் நமக்கு உண்டு. ஆழமாக வாசிக்க விரும்பும் பட்டதாரிகளுக்கு, 1966 முதல் மும்பையிலிருந்து வரும் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி' இருக்கிறது. சமூகம், பொருளாதாரம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை அதில் காணலாம்.

நான்காவதாக, அறிவியலும் சுற்றுச்சூழலும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 இல் தொடங்கிய 'துளிர்' சிறுவர்க்கான அறிவியல் மாத இதழ். ஆங்கிலம் அறிந்தோர்க்கு 1992 முதல் வரும் 'டவுன் டு எர்த்', நீர், காற்று, நிலம் ஆகியவற்றின் நிலையை விளக்குகிறது. 1845 இல் பிறந்த 'சயின்டிபிக் அமெரிக்கன்', 1888 இல் பிறந்த 'நேஷனல் ஜியாகிரபிக்' ஆகிய பழம்பெரும் இதழ்களின் முந்தைய பிரதிகள் பழைய புத்தகக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அறிவியல் இதழில் பழைய பிரதி என்பதனால் பயன் முற்றும் போய்விடுவதில்லை.

ஐந்தாவதாக, இலக்கியம். 1932 இல் தோன்றிய 'கலைமகள்', பல நாட்டுக் கட்டுரைகளின் சுருக்கத்தைத் தமிழில் தருவதற்கென 1947 இல் தோன்றிய 'மஞ்சரி', 1988 இல் சுந்தர ராமசாமி தொடங்கிய 'காலச்சுவடு' என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. மொழி செம்மைப்படுவதற்கு இத்தகைய வாசிப்பு இன்றியமையாதது. நம் வீட்டில் மூத்தவர்கள் பலர் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது 1947 இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில்தான் என்பர். அவ்விதழ் நின்றுவிட்டது. ஆனால் கதை கேட்கும் பிள்ளையின் ஆவல் நின்றுவிடவில்லை.

நம் சமுதாய இதழ்களும் மேசையில் இருக்கும், இருக்கவும் வேண்டும். அவை மட்டுமே இருக்குமாயின், அண்டை வீட்டார் எதை எண்ணுகிறார், நாடு எத்திசையில் செல்கிறது என்பன நமக்குத் தெரியாமற் போகும்.

எவ்வாறு வாசிப்பது

அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று கொள்வதும் பிழை. பத்திரிகைகள் சொல்வதெல்லாம் பொய் என்று தள்ளுவதும் பிழை. செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பித்திருக்கிறது. இதழ் வாசகனுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதைச் சில குறிப்புகளாகக் கூறுகிறோம்.

ஒன்று: தலைப்போடு நிற்கலாகாது. தலைப்பை எழுதுபவர் பெரும்பாலும் செய்தியை எழுதிய நிருபர் அல்லர். அலுவலகத்தில் இருக்கும் துணையாசிரியர். சில சொற்களுக்குள் அவர் அடக்கியாக வேண்டும். அதனால் நிபந்தனைகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்தவை செய்தியின் கீழ்ப்பத்திகளில் கிடக்கும்.

இரண்டு: சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும். "கூறப்படுகிறது", "தெரிகிறது" என முடியும் வாக்கியம் வேறு. பெயரும் பொறுப்பும் உடையவர் கூறியதாக வரும் வாக்கியம் வேறு. செய்தியின் தொடக்கத்தில் ஊரும் நாளும் தரப்பட்டிருக்கும். பி.டி.ஐ. போன்ற முகமையிடமிருந்து பெற்றதாயின் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே முகமையின் செய்தியை நான்கு நாளிதழ்கள் வெளியிட்டிருந்தால் அது நான்கு சாட்சிகளாகாது, சாட்சி ஒன்றே.

மூன்று: செய்தி வேறு, கருத்து வேறு, விளம்பரம் வேறு. தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் கருத்துகள். செய்தி போன்ற தோற்றத்தில் விளம்பரம் வருவதும் உண்டு. பக்கத்தின் மூலையில் சிறிய எழுத்தில் 'விளம்பரம்' என்றிருக்கும். தேர்தல் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்தி வெளியிடும் வழக்கத்தைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலே 2010 இல் அறிக்கை வெளியிட்டது.

நான்கு: எண்களை நிறுத்திப் படிக்க வேண்டும். "நோய் ஆபத்து இரு மடங்கு" என்று ஒரு தலைப்பு வருகிறது. பத்தாயிரம் பேரில் ஒருவர்க்கு இருந்தது இருவராக உயர்ந்தாலும் இரு மடங்குதான். நூறு பேரில் இருபதாக இருந்தது நாற்பதாக உயர்ந்தாலும் இரு மடங்குதான். இரண்டும் ஒன்றாகா. 2015 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. உடனே இரண்டும் ஒரே அளவு கொடியவை எனப் பலர் எண்ணினர். அப்பிரிவு சான்றின் உறுதியைக் குறிப்பதே அன்றி ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. முழுக் கட்டுரையையும் வாசித்தவர்க்கு அது விளங்கியது.

ஐந்து: வெளியிடுபவர் யார் என்று அறிய வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களையும் இடத்தையும் இதழிலேயே அச்சிட வேண்டும் என்பதை 1867 ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கியது. அதற்கு மாற்றாக 2023 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. நாளிதழின் அடியில் கிடக்கும் அந்தச் சிறிய வரியை நாம் கவனிப்பதில்லை. அதுதான் இதழுக்கும் வதந்திக்கும் உள்ள வேறுபாடு. தவறாக எழுதினால் கேள்வி கேட்க ஓர் ஆசிரியர் இருக்கிறார், அவருக்குக் கடிதம் எழுதலாம், திருத்தம் கோரலாம், மறுத்தால் பத்திரிகைக் கவுன்சிலில் முறையிடலாம். கைப்பேசியில் சுற்றிவரும் பெயரில்லாச் செய்திக்கு யாரிடம் முறையிடுவோம்?

பெயரில்லாச் செய்தி செய்த கேடு

2018 ஆம் ஆண்டினை நாம் மறந்துவிடலாகாது. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டனர் என்ற பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தினர் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவர்களைத் தாக்கியது; ஒரு மூதாட்டி உயிரிழந்தார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் கட்டுப்படுத்தியது. அடித்தவர்கள் பிறவிக் கொடியவர்கள் அல்லர். நம்மைப் போன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள். கிடைத்த செய்தியை விசாரியாமல் நம்பியவர்கள்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. தமிழகக் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு குழுவொன்றை அனுப்பி நேரில் விசாரித்தது. வடநாட்டில் அச்சு ஊடகத்திலும் அப்பொய் இடம்பெற்றது என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். ஆனால் அச்சில் வந்ததற்குப் பொறுப்பாளர் உண்டு என்பதனால் வழக்குத் தொடர முடிந்தது. நம் ஊரிலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருக்கின்றனர். நம் ஊர்ப் பிள்ளைகளும் வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் தொழிலாளர்களாக இருக்கின்றனர். ஒரு பொய்யின் விலையை இரு பக்கமும் கொடுக்க வேண்டிவரும்.

கைப்பேசி இருக்கும்போது காகிதம் எதற்கு?

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். கைப்பேசியை நாங்கள் பழிக்கவில்லை. பெரும்பாலான நாளிதழ்களின் மின்பதிப்பு அதில் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே கட்டணமின்றி வாசிக்கலாம். ஈழத்து இதழ்களை 'நூலகம்' என்னும் இணையத்தளம் தொகுத்து வைத்துள்ளது. இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவர்க்குக் கைப்பேசியே ஒரு வாசகசாலை. அதனைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவும் நூலகக் குழு ஆயத்தமாக உள்ளது.

ஆயினும் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. கைப்பேசி, நாம் முன்னர் எதை விரும்பிப் பார்த்தோமோ அதையே மீண்டும் மீண்டும் நம் முன் வைக்கிறது. நாளிதழோ, நாம் தேடாததையும் நம் கண்ணில் படவைக்கிறது. விளையாட்டுப் பக்கத்தைத் தேடிப் புரட்டும் இளைஞன், வழியில் உதவித்தொகை அறிவிப்பைக் காண்கிறான். இரண்டாவது, கைப்பேசியில் ஒருவர் தனியே வாசிக்கிறார். வாசகசாலையில் நால்வர் கூடி வாசிக்கின்றனர். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதை மற்றவர் திருத்துகிறார். பெரியவர் பழைய வரலாற்றைச் சொல்கிறார். மாணவன் புதிய சொல்லுக்குப் பொருள் சொல்கிறான். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்த மேசையைச் சுற்றி நடப்பதைக் கண்டவர்கள் இதனை அறிவர்.

அரசு நூலகம் இருக்கிறதே என்பாரும் உளர். இருக்கிறது, அங்கும் செல்ல வேண்டும். 1948 இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவது. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. நம் பணத்தில் நடக்கும் நூலகத்திற்கு நாம் செல்லாதிருப்பது நமக்கே இழப்பு. 1931 இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். அன்று நூல் மக்களைத் தேடி வந்தது; இன்று நாலு தெரு தள்ளி இருக்கும் நூலகத்தை நாம் தேடிச் செல்வதில்லை. ஆனால் வாசிக்கும் பழக்கம் இல்லாதவரை முதலில் இழுப்பது, அவர் நாள்தோறும் ஐவேளையும் வந்துபோகும் இடத்தில் இருக்கும் மேசைதான்.

எங்கள் வேண்டுகோள்கள்

பொதுக்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இதழ்ச் சந்தாவை நிறுத்த வேண்டாம், திருத்தி அமைப்போம். யாரும் தொடாத இதழ்களை நீக்கி, மேலே கூறிய துறைகளுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இதழையேனும் சேர்ப்போம். எவ்விதழ் எத்தனை பேரால் எடுக்கப்படுகிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் பதிந்து, அடுத்த ஆண்டு உங்கள் முன் வைப்போம். பயனில்லை எனக் கண்டால் அப்போது நிறுத்துங்கள்.

இரண்டாவது, வசதியுள்ள இல்லங்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நல்ல இதழுக்குச் சந்தா கட்டி, வாசித்த பின் வாசகசாலைக்கு அனுப்பட்டும். பத்து இல்லங்கள் முன்வந்தால் ஜமாஅத்திற்குச் செலவின்றிப் பத்து இதழ்கள் சேரும். பெண்கள் வாசகசாலைக்கு வந்து அமர இயலாத நிலை இன்னும் நம்மிடம் இருக்கிறது. அவர்களுக்கென ஒரு தனி நேரத்தை ஒதுக்கவும், அதுவரை இதழ்களை வீடு வீடாகச் சுற்றுக்கு விடவும் நிர்வாகம் இசைவு தர வேண்டுகிறோம்.

மூன்றாவது, உதவித்தொகை, வேலைவாய்ப்பு, வக்ஃப், மருத்துவக் காப்பீடு ஆகியவை பற்றிய செய்திகளை வெட்டி, நாளும் இதழின் பெயரும் குறித்து, கோப்பில் சேர்க்கும் பணியைக் கல்லூரி மாணவர் இருவர் ஏற்கட்டும். வாரத்தில் ஒருமுறை அவற்றுள் முக்கியமானவை ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். ஐயத்திற்குரியதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுத் தெளியலாம். 2005 ஆம் ஆண்டின் அச்சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால், பொதுவாக முப்பது நாள்களுக்குள் விடை தர வேண்டும்.

நான்காவது, ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் எவரும், எங்கிருந்து வந்தது என அறியாத செய்தியை அனுப்பாதிருக்கட்டும். "எந்த இதழில், எந்த நாளில்?" என்று கேட்கும் பழக்கம் நமக்குள் வரட்டும். கேட்பவரை யாரும் கடிந்துகொள்ளாதிருக்கட்டும்.

பெரியோர்களே! சித்திலெப்பையும் தாவூத்ஷாவும் இதழ் நடத்திய காலத்தில் நம்மில் எழுத்தறிந்தோர் சிலரே. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடி இருந்து கேட்டனர். இன்று நம் மஹல்லாவில் வாசிக்கத் தெரியாத பிள்ளை இல்லை. வாசிக்கும் பிள்ளைதான் குறைவு. கிடைத்த கல்வியைப் பயன்படுத்தாமல் விட்டோம் என்ற பழி நம் தலைமுறைக்கு வரலாகாது. வாசகசாலையின் மேசை வெறுமையாகக் கிடக்குமா, நிறைந்திருக்குமா என்பது இன்று நீங்கள் எடுக்கும் முடிவில் இருக்கிறது. நன்கு ஆய்ந்து முடிவு செய்யுங்கள்.